இணைப்பு: துணி சாம்பிள்

பிரான்சிலிருந்து மர்சேய்க்காரர்கள் எழுதிய பதிலில், நீங்கள் இணைத்து அனுப்பிய துணி சாம்பிள் கிடைத்தது, நன்றி என்று இருந்தது. அந்தச் சாம்பிளோ ரெட்டியார்பாளையத்தில் தனக்கொடி வீட்டு அரிசிப் பானைக்குள் கிடந்தது. அவளேதான் கவரிலிருந்து உருவி, சாப்பாட்டுப் பைக்குள் செருகிக் கொண்டுபோய் அங்கே புதைத்திருந்தாள்.

மேனேஜர் ராஜாங்கம் கடிதத்தை மறுபடியும் வாசித்துக் காட்டினார். தொடத் தொட இதமாக இருக்கிறதாம். இப்படியொரு துணியை அவர்கள் கையில் எடுத்ததே இல்லையாம். எல்லாம் சந்திரகலாவின் கைராசி என்றார். சந்திரகலா தலை நிமிராமல் சிரித்தாள். தனக்கொடிக்கு அடிவயிறு எரிந்தது. பயம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அந்த மில் ஆபீசில் கடிதங்களுக்கு இணைப்பு சேர்ப்பது வெகுகாலம் தனக்கொடியின் வேலையாக இருந்தது. எதற்கு விலைப்பட்டியல், எதற்குச் சாம்பிள் என்று பார்த்து, குண்டூசி குத்தி, கவரில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, எடை பார்த்து ஸ்டாம்பு ஒட்டுவது வரை அவள் ஒருத்திதான். பிறகு முத்தியால்பேட்டையிலிருந்து சந்திரகலா வந்து சேர்ந்தாள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பெண்ணுக்கு பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. இணைப்பு வேலையும் ஜன்னலோர மேசையும் அவளுக்குப் போயின. தனக்கொடிக்கு அரக்கும் தராசும் மிஞ்சின. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட தனக்கொடியைப் பேர் சொல்லிக் கூப்பிடாத மேனேஜர், சந்திரகலா வந்த மாதத்திலேயே அவளை சந்திரா என்றார்.

சாம்பிள் இல்லாத கவர் போனால் மர்சேயிலிருந்து காரமாக ஒரு கடிதம் வரும், சந்திரகலாவின் முகம் சுண்டிப்போகும் என்றுதான் தனக்கொடி கணக்குப் போட்டிருந்தாள். பாராட்டு வந்தது. ஆத்திரத்தில் அடுத்ததையும் உருவினாள். அதற்கும் பாராட்டு. இன்னும் கொஞ்சம் பெரிதாக அனுப்பச் சொன்னார்கள்.

அதற்குள் சந்திரகலாவின் மணிக்கட்டில் ஒரு கட்டு ஏறியிருந்தது. கஞ்சி வடிக்கும்போது கையில் கொட்டிவிட்டதாகச் சொன்னாள். இரண்டாவது கவர் போன மறுநாள் கட்டு முழங்கை வரை வந்திருந்தது. அவள் பக்கத்தில் போனாலே டிஞ்சர் வாடையும், அதற்கு அடியில் ஈரமாக வேறொரு வாடையும் அடித்தன. துணிக்குப் பதிலாகக் கவரில் எது போகிறது என்று தனக்கொடிக்குப் புரியத் தொடங்கியது. இராத்திரியில் அரிசிப் பானையைத் திறக்கவே கை கூசியது. இனி வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் ஆபீசுக்கு வந்தாள். அங்கே மேனேஜர் தன் கையாலேயே சோடா உடைத்து சந்திரகலாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் குடித்தாள். தனக்கொடி அதைக் கடைசி மடக்கு வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் கரண்டு போயிற்று. மேனேஜர் கிளம்பிவிட்டார். பஞ்சுத்தூசி நமுத்த வாடையும் அரக்குப் புகையும் கலந்து அறையில் அப்பிக்கிடக்க, ஓட்டின் மேல் மழை ஓயாமல் கொட்ட, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மேசைகளின் நிழல்கள் சுவரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. சந்திரகலா மர்சேய் கவரைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே கைக்குட்டை அகலத்துக்குத் துணி. மழைக்குளிரோ என்னவோ, அப்பாவின் வெள்ளை முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேல் மாட்டியிருந்தாள். போய், முதுகைக் காட்டி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

தனக்கொடி துணியை உருவி மடியில் செருகினாள். கவருக்குள் விரல் விட்டுத் துழாவினாள். கடிதம். அதில் குத்திய குண்டூசி. வேறெதுவும் இல்லை. அரக்கை ஊற்றி முத்திரையை அழுத்தினாள். தராசில் வைத்தாள்.

தட்டு அசையவில்லை. பிறகு மெல்ல இறங்கியது. இன்னும் இறங்கியது. மேசையில் முட்டி நின்றது.

கவர் உப்பியிருந்தது. தொட்டாள். வெதுவெதுப்பு. முத்திரையை உடைக்கக் கூடாது என்று நினைத்தாள். உடைத்தாள்.

பழுப்பு நிறம். பூனைமயிர். ஒரு மச்சம். குண்டூசி ஏறிய இடத்தில் ஒரு சொட்டு ரத்தம், அப்போதுதான் திரண்டுகொண்டிருந்தது.

ஜன்னலோரத்தில் வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கக் கறுத்து நனைந்துகொண்டு வந்தது. சந்திரகலா திரும்பவில்லை.

"அக்கா," என்றாள், வலியே இல்லாத குரலில். "இந்த வாட்டி பத்துமா?"

சாரலோடு குளிர்காற்று உள்ளே வீசியது. தனக்கொடியின் கையில், கவருக்குள், அந்தத் துண்டின் மேல் மயிர் ஒவ்வொன்றாகச் சிலிர்த்து எழுந்து நின்றது.