புற்று வந்த குடோன்

பேச்சி காணாமல் போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்தது. லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு எவனோடோ பஸ் ஏறிவிட்டாள் என்று அவள் புருஷன் பாண்டியராஜன் அழுதுகொண்டே சொன்னார். தங்கை வேல்விழி அத்தானை நம்பினாள். அம்மா நம்பவில்லை, சோற்றைத் தொடாமல் வாசலையே பார்த்துக் கிடந்தாள். அக்கா செய்துவந்த பில் வேலையை இப்போது வேல்விழிதான் அத்தானின் தறிக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள்.

அன்று சாயங்காலம் பில் சாஃப்ட்வேர் அப்டேட் ஆனது. முடிந்ததும் சர்வர் முகவரி இருந்த கட்டம் காலியாக இருந்தது.

"ஏட்டி, கம்ப்யூட்டரும் ஒங்கக்கா மாதிரி சொல்லாம கொள்ளாம அத்துக்கிட்டுப் போயிட்டோ?" நூல் மூட்டையோடு போன தறிக்காரர் மூக்காண்டி சிரித்தார். அவள் தலைகுனிந்துகொண்டாள்.

அத்தானுக்குப் போன் போட்டாள்.

"பஜார்ல நிக்கேன். ஒண்ணையும் அமுக்காத. நான் வந்து பாக்கேன்."

அவள் ஏற்கெனவே 'தேடு' என்பதை அமுக்கியிருந்தாள். இந்தக் கட்டடத்து வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டர்களை மட்டும் அது காட்டும். வைஃபை தெருவைக்கூட எட்டாது.

இரண்டு பெயர்கள் வந்தன. ஆபீஸ். பேச்சி.

அக்காவின் லேப்டாப்! அக்கா வந்துவிட்டாள்! வாசலுக்கு ஓடிப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பி வந்தபோதும் பெயர் அப்படியே இருந்தது.

நாற்காலிக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நூல் குடோன். அக்கா போன மறுநாள், உள்ளே தரையில் புற்று கிளம்பியிருக்கிறது என்று அத்தான் அதைப் பூட்டினார். இந்த ஊரில் புற்றை யார் இடிப்பார்கள்? சாவி எங்கே என்றுகூட எவரும் கேட்கவில்லை. தறிக்காரர்கள் அந்தக் கதவருகே செருப்பைக் கழற்றினார்கள். வேல்விழி தினமும் நிலைப்படியில் மஞ்சள் தூவி, அக்கா திரும்பி வர வேண்டுமென்று கும்பிட்டுப் பால் ஊற்றினாள். கதவிடுக்கு வழியாகப் பால் உள்ளே ஓடும். அந்தப் பாலைக் காலையில் வாங்கி வருவது அத்தான்தான்.

தறிகளின் இடைவிடாத தடதடப்பில் சுவர் அதிர, கஞ்சிப் பசையின் வாடையோடும் மஞ்சளோடும் புளித்த பாலோடும் இன்னொரு நாற்றம் கலந்து வர, அதையும் இத்தனை நாள் பால் வாடை என்றே எண்ணியிருந்தது அவளுக்கு இப்போது உறைத்தது.

கரண்ட் போனது.

தறிகள் நின்றன. யுபிஎஸ்ஸில் திரை மட்டும் வெளிச்சமாக.

டிர்ர்ர். அக்காவின் லேப்டாப் காற்றாடி. உடைந்த இறக்கை உரசும் அதே சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம். தரைக்குக் கீழே.

அவள் கை மடியில்தான் இருந்தது. திரையில் எழுத்து மாறியது.

பேச்சி: இணைந்தது.

பின்னால் மூச்சிரைப்பு. பாண்டியராஜன் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்தான். அவளிடம் விவரம் கேட்பவன்போலச் சொன்னான்:

"அணைச்சுத்தானட்டி அதை அவ நெஞ்சு மேல வச்சு மூடுனேன்."