கால் பெருத்த மூன்று எழுத்துகள்

“கையெழுத்துப் போடலேன்னா கோர்ட்டுக்கு இழுப்பாங்களாம். பன்னிரண்டு மணிக்கு சோப்புக் கம்பெனி மேலாளர் இங்கேயே வர்றார்” என்றபடி அவள் மூன்று தாள்களை மேசையில் விரித்தாள்.

துப்பறிபவரை எல்லோரும் ‘நிதானம்’ என்றே அழைப்பார்கள். அவர் தாள்களை ஒவ்வொன்றாக அருகே இழுத்தார். முதல் தாளில் அவள் உருவாக்கிய எழுத்துரு. தலை வீங்கிய, முரட்டுக் கறுப்பு எழுத்துகள். கடைப் பலகை, சுவரொட்டி, பனியன் என்று எங்கும் நெஞ்சை நிமிர்த்தி நின்றவை. இரண்டாவதில் சோப்பு நிறுவனத்தின் பென்சில் படங்கள். அச்சு அசலாக அதே எழுத்துகள், மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியோடு. மூன்றாவது, காப்பியடித்தது அவள்தான் என்று ஒப்புக்கொள்ளும் கடிதம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“எல்லாத்துக்கும் தலை பெருசு. வ, ழ, ட மூணுக்கு மட்டும் ஏம்மா கால் பெருசு?”

“முதல்ல எங்கண்ணன் தண்ணி லாரியிலதான் எழுதினேன் சார். மேல ‘தண்ணீர்’, கீழ ‘வழி விடு’. ரோட்டுல நின்னு பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். அப்புறம் அதையே தாள் ஒட்டிப் படியெடுத்து, மத்த எழுத்தெல்லாம் மேல் வரிசை மாதிரியே வரைஞ்சேன்.”

“எப்போ?”

“போன வருஷம். தொட்டியே அப்பத்தான் செஞ்சது.”

“போச்சு! அவங்க ரெண்டு வருஷம் முந்திட்டாங்களே!” நிதானத்தின் மைத்துனர் தலையில் கை வைத்தார். அவசரமாகத் தீர்ப்புச் சொல்வது அவர் வழக்கம்.

நிதானம் அந்த மூன்று எழுத்துகளையும் விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். அந்த மெத்தனம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஜெயிலுக்கே போனாலும் சரி, கையெழுத்துக் கிடையாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“உங்கண்ணனை லாரியோட வரச் சொல்லு” என்றார் நிதானம் கடைசியில்.

மேலாளர் சொன்ன நேரத்துக்கு வந்தார்.

“இந்த மூணுக்கும் ஏன் சார் காலைப் பெருசாக்கினீங்க?” என்று நிதானம் கேட்டார்.

“சும்மா, ஒரு அழகுக்குத்தான்.”

“எதையாவது பார்த்து வரைஞ்சதா?”

“எதையும் பார்க்கலை. தாள்லயே யோசிச்சது.”

நிதானம் எல்லோரையும் தெருவுக்கு அழைத்துப் போனார். எதிரே நின்ற லாரியில் தலையும் காலும் அளவாக, எல்லா எழுத்துகளும் நேராகத் தெரிந்தன.

“உருண்டைத் தொட்டி. மேல் வரிசைக்கு உச்சி பின்னால சரியுது. தலையைப் பெருசா எழுதினாத்தான் நேராத் தெரியும். கீழ் வரிசைக்கு அடி உள்ளே போகுது, காலைப் பெருசாக்கணும். தட்டையான தாள்ல வரையறவருக்கு இந்தத் தலைவலி எதுக்கு? அதுவும் இங்கே கீழ் வரிசையில இருக்கிற அதே மூணு எழுத்துக்கு? தொட்டி பிறந்தது போன வருஷம். படத்துல தேதி போட்டவர் கொஞ்சம் அதிகமாவே பின்னால போயிட்டார்.”

“அதான் எனக்கு அப்பவே தெரியுமே!” என்றார் மைத்துனர்.

மேலாளர் நெற்றியைத் துடைத்தார். “சரி, வெளியே பேச வேண்டாம். கடிதத்தைக் கிழிச்சிடலாம். நம்ம கம்பெனியிலேயே நல்ல வேலை போட்டுத் தர்றேம்மா.”

“கிழிக்காதீங்க” என்றாள் அவள். “பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? யார் யாரைப் பார்த்து வரைஞ்சாங்கன்னு எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல.”

மைத்துனர் பேனாவை நீட்டினார். மேலாளர் தெருவைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். பிறகு வண்டியின் கதவில் தாளை வைத்து முதல் வரியைப் பொடிப்பொடியாக எழுதினார்.

அவள் குனிந்து படித்தாள்.

“இன்னும் பெருசா” என்றாள்.