அனுமந்தைக் கடலில் கொதித்த இன்ஜின்

சுனாமிக்கு மறு வருஷம் ஒரு மாலை. அனுமந்தை சகாதேவன் புதுப் படகில் வலை இழுத்துக்கொண்டிருந்தான். உடன் வந்தவன் மச்சினன் சடையப்பன் மட்டும். அலைக்குத் தப்பி, மனைவி அஞ்சம்மாளுக்கு மிஞ்சிய ஒரே தம்பி.

வலையோடு வந்த திருக்கை வாலைச் சுழற்றியது. அதன் முள் சடையப்பனின் தொடையைக் கிழித்துவிட்டது. துண்டால் இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. வலையை அறுத்துவிட்டுச் சகாதேவன் படகைக் கரைப் பக்கம் திருப்பினான்.

கொஞ்ச தூரம் போவதற்குள் டீசல் நெடியோடு ரப்பர் கருகும் வாடை எழுந்தது. சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டிருந்தது. பின்பக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படியே ஓட்டினால் இன்ஜின் இறுகிப் போகும். பிறகு கரையை மறந்துவிட வேண்டியதுதான்.

நிறுத்திவிட்டுப் பார்த்தான். பம்பு பெல்ட் நன்றாகவே இருந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் உள்ளே வரும் இடத்தில் வடிகட்டியைக் கழற்றினான்.

அதில் கூந்தல் அடைத்திருந்தது.

நீளமான, பெண்ணின் கூந்தல். பிய்த்து எறிந்துவிட்டு ஓட்டினான். தண்ணீர் கொட்டியது, சற்று நேரத்தில் நின்றது. மறுபடியும் கூந்தல். இந்த முறை தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது, அன்றைக்குக் காலையில்தான் யாரோ தலைவாரியதைப் போல.

சடையப்பனின் உதடு வெளுத்திருந்தது. கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தான்.

“மாமா, அடியில யாரோ தட்டுறாங்க.”

சகாதேவனுக்கும் கேட்டது. காலுக்குக் கீழே, படகின் வெளிப்பக்கம். மெதுவாக, கதவைத் தட்டுவதைப் போல.

மீண்டும் வடிகட்டிக்குள் கையை விட்டான்.

கூந்தல் அவன் விரல்களைப் பிடித்து இழுத்தது.

அலை கொண்டுபோய், உடல்கூடக் கிடைக்காதவர்களின் நினைவு வந்தது அவனுக்கு. மச்சினனின் கை சில்லிட்டுக்கொண்டே போனது. வேறு வழி தெரியாமல் மண்டியிட்டு, படகின் அடித்தளத்தோடு வாயை வைத்தான்.

“நீ யாரா இருந்தாலும் சரிம்மா. இவன விட்டுடு. உன்னயும் கூட்டிட்டுப் போறேன்.”

தட்டல் நின்றது. கூந்தலிலிருந்து அவன் விரல்கள் விடுபட்டன.

கரை சேரும்வரை இன்ஜின் சூடாகவே இல்லை. படகு மட்டும் இன்னோர் ஆள் ஏறி உட்கார்ந்ததைப் போல ஒரு பக்கம் சாய்ந்தே வந்தது. சகாதேவன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

மரக்காணம் ஆஸ்பத்திரியில் சடையப்பன் பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கதவைத் திறக்கப் போன அஞ்சம்மாள், புருஷனைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டாள்.

“ராத்திரி யார் வந்தது?”

சிமெண்டுத் தரையில் உப்புப் பூத்த சின்னக் காலடிகள். வாசலிலிருந்து சகாதேவன் படுத்திருந்த பாயின் தலைமாடு வரைக்கும் வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

அஞ்சம்மாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். தரை காயக் காய, அதே இடத்தில் உப்பு மீண்டும் பூத்துக்கொண்டு வந்தது.