பக்கவாட்டில் வழிந்த மழை

காலை ஏழு மணிக்கு இணைப்பு செத்துக் கிடந்தது.

சரியாகச் சொன்னால் சாகவில்லை. மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. ஏரிக்கு இந்தக் கரையில் பெரிய ஆஸ்பத்திரி, அந்தக் கரையில் சின்ன ஆஸ்பத்திரி. இரண்டின் மொட்டைமாடியிலும் ஒவ்வொரு டிஷ், ஒன்றை ஒன்று பார்த்தபடி. அங்கே எடுக்கும் ஸ்கேன் படங்கள் தண்ணீருக்கு மேலே காற்றில் வந்து இங்கே இறங்கும். இங்கிருக்கும் டாக்டர்கள் பார்த்துச் சொல்வார்கள். இன்று ஒரு படமும் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரி மாடியில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் குமிழிக் கருவி எப்போதும் அவள் பையில் இருக்கும். அடுத்தவர் வீட்டில் மாட்டிய படம் கோணலாக இருந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது. இந்த டிஷ் ஜோடியை மாடிகளில் மாட்டி நிறுத்தியது அவளும் அவள் தம்பியும்.

விடியுமுன் அடித்த காற்றில் சிக்னல் அறுந்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு திரும்பி வந்திருந்தது, அரை உயிராக. அறுத்தது காற்று என்றால், திரும்ப வைத்தது யார்?

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, நான் சின்ன ஆஸ்பத்திரில இருக்கேன். போலீஸ் வந்திருக்கு."

"எதுக்கு?"

"எனக்காகத்தான்."

மணி ஒன்பது. படகிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அதில் படுத்திருந்தவரின் வலது முழங்காலில் ஊதா மையில் ஒரு அம்புக்குறி.

"என்னம்மா பாக்குறே? இந்தக் கால்தான்னு மறந்துடக் கூடாதுல்ல. டாக்டருக்கு ஆயுதம் எடுத்துக் குடுக்கற கத்திரி சிஸ்டர் போட்ட குறி," என்றார் அவர். "விடியும்போது ஏதோ விபத்துக் கேஸ் வந்துடுச்சு. டாக்டரும் கத்திரி சிஸ்டரும் உள்ளே போனவங்க இன்னும் வெளியே வரல. அடுத்தது நான்தான்."

மேலாளர் அறையில் தம்பி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டர் ஜன்னலோரம் நின்றார். மேலாளர் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கொதித்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் இதே அறையில என் முகத்துக்கு நேரா கத்தினாம்மா உன் தம்பி. 'ஒரு காத்து அடிக்கட்டும், அப்ப தெரியும் உங்களுக்கு'ன்னு. காத்து அடிச்சுது. தெரிஞ்சுது."

"மாடிக்கு ரெண்டு சாவி," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒண்ணு மேலாளர் வீட்டுல. இன்னொண்ணு உன் தம்பிகிட்ட. பூட்டு உடையல. யாரோ மேலே போய் டிஷ்ஷைக் கழட்டி மாட்டியிருக்காங்க. ராத்திரி எங்கடா இருந்தே?"

"வீட்டுல தூங்கினேன் சார்."

"சாட்சி?"

"தலகாணி."

"வாயை மூடுடா," என்றாள் ரசமட்டம்.

"மதியப் படகுல இவனைக் கூட்டிட்டுப் போறேன்மா. நோயாளிங்க சம்பந்தப்பட்ட சாமான். சும்மா விட முடியாது."

ஆஸ்பத்திரிச் சாமானை உடைத்தவன் என்று ஒருமுறை பெயர் விழுந்தால், அப்புறம் எந்தக் கட்டடத்திலும் மாடிச் சாவியைக் கையில் தர மாட்டார்கள். தம்பிக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான்.

"படகு வர்றதுக்குள்ள நான் மாடியைப் பாக்கலாமா சார்?"

இன்ஸ்பெக்டர் தோளைக் குலுக்கினார். நால்வரும் ஏறினார்கள்.

மாடி ஈரமாக இருந்தது. படிக்கட்டுக் கதவைத் தவிர, எதிர்ப்பக்கம் இன்னொரு இரும்புக் கதவு. இந்தப் பக்கத்தில் கைப்பிடியே இல்லாமல் வழவழவென்றிருந்தது.

"அது?"

"தீப்பிடிச்சா வெளியேற வச்ச கதவு," என்றார் மேலாளர். "உள்ளேர்ந்துதான் தள்ளித் திறக்க முடியும். வெளியேர்ந்து ஒருத்தனும் உள்ளே போக முடியாது."

கம்பத்தின் கீழே ஒரு துண்டு விரித்திருந்தது. அதன்மேல் ஸ்பேனர்கள், சின்னதிலிருந்து பெரியது வரை, வகுப்பில் உயர வரிசையில் நிற்கும் பிள்ளைகள் போல. பக்கத்தில், எப்போதும் மாடியிலேயே கிடக்கும் தம்பியின் டூல் டப்பா காலியாக.

"ஒழுங்கான பையன்தான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவனா? இவன் டப்பாவுல கையை விட்டா ஸ்பேனர் வரும், பழைய சாக்ஸும் வரும்."

"அது ஒரே ஒரு தடவை அக்கா."

அவள் டிஷ் மேல் ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. கன்னத்தைக் கம்பத்தில் ஒட்டி ஏரிக்கு அப்பால் பார்த்தாள். எதிர் டிஷ்ஷை நேராகத்தான் பார்த்தது. கம்பத்தில் தொடங்கி, அதைக் கவ்வும் கிளாம்ப் மேலும் ஓடி, ஒரு மெல்லிய ஊதாக் கோடு. இரண்டு துண்டும் மயிரிழை பிசகாமல் சேர்ந்திருந்தன.

"கழட்டுறதுக்கு முன்னால குறி போட்டு, அதே குறியில திரும்ப மாட்டியிருக்கான்," என்றார் இன்ஸ்பெக்டர். "தொழில் தெரிஞ்சவன்."

"டேய், நீ எதால குறி போடுவ?"

"ஆணியால கீறுவேன். மை மழையில போயிடும்ல."

"அப்ப எல்லாம் நேராத்தானே இருக்கு?" என்றார் மேலாளர். "பின்னே ஏன் வேலை செய்யல?"

ரசமட்டம் முன்பக்கம் வந்து நின்றாள். டிஷ்ஷின் முகத்தையே பார்த்தாள். பல மாத மழை அதில் அழுக்குக் கோடுகளை விட்டுப் போயிருந்தது. இடமிருந்து வலமாக, நீளநீளமாக. பிறகு பின்னால் போய்க் குனிந்தாள். பின்தகட்டை டிஷ்ஷோடு பிடிக்கும் நான்கு இரும்புக் காதுகளில் ஒன்று துருவேறி முறிந்திருந்தது. மேல் மூலையில் இருப்பது. மாடி விளிம்பில் எட்டிக் கீழே பார்த்தாள். நேர் கீழே வெளிநோயாளிகளின் பெஞ்சு. ஒருத்தி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"மேலாளர் சார், அந்த இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஆபரேஷன் தியேட்டர் வராந்தா."

"கழட்டினது கத்திரி சிஸ்டர்."

மேலாளர் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "எப்படி?"

"சார், மழை பக்கவாட்டுல வழியுமா? இந்தக் கோடெல்லாம் மேலேர்ந்து கீழே ஓடினது. அப்படின்னா டிஷ்ஷை யாரோ கால் சுத்து திருப்பி மாட்டியிருக்காங்க. வட்டமா இருக்கு, எப்படித் திருப்பினாலும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான். குமிழியும் நடுவுலதான் நிக்கும், நானே ஏமாந்தேன். ஆனா இந்தப் பழைய ஜோடி ரெண்டும் ஒரே வாக்குல இருக்கணும். ஒண்ணு நின்னுக்கிட்டும் ஒண்ணு படுத்துக்கிட்டும் பேசினா ஒண்ணுக்கு ஒண்ணு பாதிகூடக் கேக்காது. எங்க தொழில்ல மொதல் நாளே சொல்லிக் குடுக்கறது. தம்பி வேணும்னே கெடுக்கறதா இருந்தா ஒயரைப் பிடுங்கியிருப்பான். இத்தனை பாடுபட்டு, இத்தனை நேரா மாட்டியிருக்க மாட்டான்."

"ஏன் திருப்பணும்?"

"முறிஞ்ச காதைப் பாருங்க. அது கீழ் மூலையில இருந்தது, பாரம் முழுக்கத் தாங்கற இடம். திருப்பினதால மேலே போயிடுச்சு. நல்ல காது ரெண்டும் கீழே வந்து தாங்குது. காத்துல இது ஆடறதைப் பாத்து, கழட்டி, யோசிச்சுத்தான் மாட்டியிருக்காங்க. கெடுக்க வந்த கை இல்ல சார், காப்பாத்த வந்த கை."

"அது சிஸ்டர்தான்னு?"

"வெட்டுறதுக்கு முன்னால ஊதாக் கோடு போடுறது யாரு? கீழே ஒருத்தர் முழங்கால்ல பாத்துட்டு வந்தேன். ஆயுதத்தைத் துணி விரிச்சு அளவு வாரியா அடுக்குறது யாரு? சாவி இல்லாம அந்தக் கதவு வழியா வர முடிஞ்சது யாருக்கு? திரும்பிப் போக, மூடிக்காம இடுக்குல எதையாவது சொருகி வச்சிருப்பாங்க. இறங்கின உடனே விபத்துக் கேஸ் வந்திருக்கும். உள்ளே போனவங்க இன்னும் வெளியே வரல. இங்கே கூத்து நடக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய், போன வாரம் இவர்கிட்ட எதுக்குக் கத்தின?"

தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான். "பின்தகடு துருப்பிடிச்சிருக்கு, மாத்தணும்னேன். அடுத்த மாசம் பாக்கலாம்னார். கோவத்துல சொல்லிட்டேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க ஒன்றுமில்லாமலே துடைத்தார்.

"அந்த அம்மா கழட்டலைன்னா," என்றாள் ரசமட்டம், "உங்க மூணு பேருக்கும் இன்னைக்கு வேற கேஸ், சார். கீழே பெஞ்சைப் பாருங்க."

உதிரியாகக் கொண்டு வந்திருந்த புதுப் பின்தகட்டைப் பையிலிருந்து எடுத்தாள். தம்பி டிஷ்ஷைத் தாங்க, அவள் கால் சுத்து திருப்பினாள். மழைக் கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. டிஷ்ஷோடு இணைந்த ரேடியோப் பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கீழே ஸ்கேன் அறையிலிருந்து யாரோ "போகுது, போகுது!" என்று கத்தினார்கள்.

மதியப் படகில் இன்ஸ்பெக்டர் தனியாகப் போனார்.

தியேட்டர் கதவு அதற்குப் பிறகுதான் திறந்தது. கத்திரி சிஸ்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி வெளியே வந்து, முதலில் கண்ணில் பட்ட நாற்காலியில் சாய்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது.

தம்பி எதிரில் போய் நின்றான்.

"நீதான் அந்த டிஷ் பையனா?" என்றாள் அவள். "என்ன கனம்டா அது! காத்துல அப்படியே என்னையும் தூக்கிட்டுப் போகப் பாத்துது. மேலாளர்கிட்ட சொல்லலாம்னு இறங்கினேன், அதுக்குள்ள ஒருத்தனை ரத்தமாக் கொண்டு வந்துட்டாங்க. ஒழுங்கா மாட்டினேனா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா வேறெங்கோ பார்த்தாள்.

"நல்லா மாட்டினீங்க சிஸ்டர்," என்றான். "ரொம்ப நல்லா."

"கை வலி உயிர் போகுது. இடது கையாலயே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்தேன். டாக்டர் திட்டித் தீர்த்துட்டார்."

அவன் ட்ராலியிலிருந்து ஒரு கட்டுத்துணிச் சுருளை எடுத்து, அவள் முன்னால் மண்டியிட்டான். அவள் கையைத் தன் முழங்கால்மேல் வைத்துச் சுற்ற ஆரம்பித்தான். இறுக்கமாக, தளர்வாக, மறுபடி இறுக்கமாக. தப்புத்தப்பாக.

"டேய், இது கட்டா, கயித்துக்கட்டிலா?"

"அசையாதீங்க சிஸ்டர்."

அவள் அவிழ்க்க எழுந்த இடது கையை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கட்டி முடிக்கும்வரை அப்படியே இருந்தாள்.