வைப்ரேஷனை நிறுத்தியது நான்தான்

அதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன்! வீடியோ கேம் கன்ட்ரோலரில் வைப்ரேஷனை நிறுத்தியது நான்தான். பெஞ்சமின் அண்ணன் இல்லை. சம்ரீன் இல்லவே இல்லை. அனிஷா, ஆறாம் வகுப்பு, அதாவது நான்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஒரு வீடியோவில் கண்ணாடி போட்ட ஒருவர் சொன்னார்: “பெரிய ஆளுங்க யாருமே வைப்ரேஷன் வச்சு விளையாட மாட்டாங்க. கை நடுங்கினா கவனம் போயிடும். பேட்டரியும் சீக்கிரம் தீந்துடும்.”

கண்ணாடி போட்டவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்? நேராக செட்டிங்ஸுக்குப் போய் இரண்டு கன்ட்ரோலருக்கும் அதை நிறுத்திவிட்டேன். சம்ரீனிடம் சொல்லவில்லை. நன்றாக விளையாடி ஜெயித்த பிறகு சொல்லி அசத்தலாம் என்று நினைத்தேன்.

அன்று புதன்கிழமை. காலாண்டு லீவு. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு ஹாலில் இரண்டு பேரும் ‘கோட்டைச் சாவி’ விளையாடிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் சேர்ந்து கோட்டைக்குள் நுழைந்து சாவிகளை எடுத்துவர வேண்டும். காவலர்கள் பின்னால் வந்து பிடித்துவிடுவார்கள். அவ்வளவுதான் கேம். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் இதற்குப் போட்டி, அதிகச் சாவி எடுக்கிற ஜோடி ஜெயிக்கும், நாங்களும் பேர் கொடுத்திருந்தோம்.

சம்ரீன் பக்கத்து வீடு. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. கையால் பேசுவாள். எனக்கும் அந்தப் பாஷை தெரியும். அவள் கையால் சொன்னதை வாயால் சொன்ன மாதிரிதான் இங்கே எழுதுகிறேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

எப்போதும் என்னைவிட அவள்தான் நன்றாக விளையாடுவாள். ஆனால் அன்றைக்கு மாட்டினாள். மறுபடி மாட்டினாள். ஏழு தடவை மாட்டினாள்!

“பின்னாடி! சம்ரீன், பின்னாடி!” என்று கத்தினேன். டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் கத்தி என்ன பிரயோஜனம்?

அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு, அவளுடையதை என்னிடம் கொடுத்தாள். எட்டாவது தடவையும் மாட்டினாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் தோளைத் திருப்பி, கையாலேயே கத்தினேன். “ஞாயித்துக்கிழமை போட்டி! தூங்குறியா நீ? உன்னாலதான் தோக்கப்போறோம்!”

சம்ரீன் இரண்டு கன்ட்ரோலரையும் பக்கத்தில் பக்கத்தில், சத்தமே வராமல் வைத்தாள்.

“வேற யாரையாவது சேத்துக்க” என்றாள்.

போய்விட்டாள். செருப்பைக்கூட எடுக்கவில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். நஜ்முன்னிசா ஆன்ட்டி கதவைப் பாதி திறந்து, “ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறாம்மா. சோறும் எறங்கல. உங்களுக்குள்ள சண்டையா?” என்று கேட்டார்.

“இல்லைங்க ஆன்ட்டி” என்றேன். பொய்.

வெள்ளிக்கிழமை பெஞ்சமின் அண்ணன், “ஸ்ரீரங்கத்துக்கு போன் பண்ணி பேரை எடுக்கச் சொல்லிடவா?” என்று கேட்டான்.

“வேணாம்.”

“அப்போ யாரு விளையாடுவா? உன் நிழலா?”

எதிர் வீட்டு தேவதர்ஷினியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதல் காவலன் வந்ததுமே “ஐயோ அம்மா!” என்று கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுவிட்டு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இரண்டாவது காவலனுக்கும் அதேதான். நல்ல பெண்தான். ஆனால் கோட்டைக்கு ஆக மாட்டாள்.

வாசலில் சம்ரீனின் நீலச் செருப்பு அப்படியே கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காத மாதிரி நடந்தேன். ஆனால் பார்த்தேன். இனிமேல் அவள் வரவே மாட்டாள் என்று தோன்றியது. போட்டிக்கு இல்லை. எதற்குமே.

சனிக்கிழமை காலையில் அப்பா வொர்க்‌ஷாப்பில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படுத்தார்.

“அனிஷா, டிவில சத்தம் வந்துச்சுன்னா, அதைத் தூக்கிட்டுப் போய் எஞ்சின்ல மாட்டிடுவேன்” என்றார். செய்யக்கூடிய ஆள்தான்.

சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, தனியாக விளையாடினேன்.

மாட்டினேன்.

மறுபடி மாட்டினேன். கண்ணை அகலமாகத் திறந்துவைத்துப் பார்த்தேன். அப்படியும் மாட்டினேன். முன்னால் வருகிறவன் தெரிகிறான். பின்னால் வருகிறவன் எப்படித் தெரிவான்? அவனுடைய காலடிச் சத்தம் கேட்டால்தானே…

கை அப்படியே நின்றுவிட்டது.

சம்ரீனுக்கு எந்த நாளிலும் இந்தச் சத்தம் கேட்டதே இல்லையே! பிறகு எப்படி இத்தனை நாள் தப்பித்தாள்?

செட்டிங்ஸுக்குப் போய் வைப்ரேஷனைப் போட்டேன். சத்தம் இல்லாமலே மறுபடி ஆரம்பித்தேன். இடது கையில் ‘குர்ர்’. இடது பக்கம் திரும்பினேன், காவலன்! வலது கையில் ‘குர்ர்’. அங்கே ஒருவன்! இரண்டு கையிலும் வந்தால் பின்னால்.

அவள் கையால்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அதைப் பிடுங்கிக்கொண்டு, “தூங்குறியா?” என்று வேறு கேட்டிருக்கிறேன்.

நீலச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆன்ட்டி கதவைத் திறந்ததும் நேராக அவள் அறைக்குப் போய், விளக்கை மூன்று தடவை போட்டு அணைத்தேன். அதுதான் எங்கள் காலிங் பெல்.

சம்ரீன் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் அழுத முகம். முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். வீடியோ, கண்ணாடிக்காரர், செட்டிங்ஸ், எல்லாவற்றையும்.

“நீயா நிறுத்துன?” என்றாள்.

“நான்தான்.”

“கன்ட்ரோலர் கெட்டுப்போச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். அதான் உன்னோடத வாங்கிப் பாத்தேன். அதுவும் ஆடல. ரெண்டும் எப்படி ஒரே நாள்ல கெட்டுப்போகும்?” அவள் விரல்கள் மெதுவாக அசைந்தன. “அப்போ கெட்டது என் கைதான்னு நினைச்சேன். காதுதான் இல்ல, இப்ப கையும் போச்சுன்னு நினைச்சேன்.”

நீலச் செருப்பை அவள் காலடியில் சேர்த்து வைத்தேன்.

“மறுநாள் ஃபிரிட்ஜ் மேல கை வச்சுப் பாத்தேன். எப்பவும் லேசா ஆடும். அன்னைக்கு அதுவும் ஆடல.”

“வியாழக்கிழமையா? அன்னைக்கு ஷட்டவுன்டி! காலையிலேர்ந்து கரண்டே இல்ல. ஃபேன் ஓடலையே, பாக்கலையா?”

“அழுதுக்கிட்டு இருக்கறப்ப ஃபேனையா பாப்பாங்க?”

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

“ரயில் போறப்ப தரையில கால் வச்சா மட்டும் தெரிஞ்சுது. கால் மட்டும்தான் மிச்சம்னு நினைச்சேன்” என்றாள்.

அவள் கையைப் பிடித்து ஜன்னல் கம்பியில் வைத்தேன். காத்திருந்தோம். ரொம்ப நேரம் ரயிலே வரவில்லை. தேவைப்படும்போது வராது, அதன் குணம் அப்படி. கடைசியில் ஒரு சரக்கு ரயில் வந்தது. கம்பி அதிர்ந்தது.

சம்ரீன் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒற்றைக் கையால் சொன்னாள்.

“தெரியுது.”

அந்த ரயிலின் கடைசிப் பெட்டி போகும்வரை கையை எடுக்கவே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். “இனிமே என்னைக் கேக்காம எதையும் மாத்தாத. நாளைக்கு எத்தனை மணிக்கு?”

ஞாயிற்றுக்கிழமை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனோம். ராஜகோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மாடியில் கலீம் அண்ணனின் கேம் சென்டர். வரிசையாக மேசைகள், டிவிகள், ஹெட்போன்கள்.

சம்ரீன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். அவள் முகம் மாறியது. என்னிடம் நீட்டினாள். விளையாடிப் பார்த்தேன். அது அதிரவே இல்லை.

“அண்ணே, இதுல வைப்ரேஷன் இல்லீங்களா?” என்று கலீம் அண்ணனிடம் கேட்டேன்.

“எல்லாத்துலயும் அந்த அதிர வைக்கிற மோட்டாரைக் கழட்டிட்டேன்மா. பசங்க பாதி பேர் தொந்தரவா இருக்குன்னாங்க. மேசை மேல வச்சா தானா நகந்து கீழ வேற விழுது.”

“எங்க கன்ட்ரோலரைக் கொண்டுவந்திருக்கோம். அதுல விளையாடலாமா?”

“அது முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல?”

ஒரே மாதிரிதான். எல்லாருக்கும் ஹெட்போன் இருந்தது. சம்ரீனுக்கும் ஒன்று இருந்தது, சும்மா.

“வீட்டுக்குப் போயிடலாம்” என்றாள் அவள். அழவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நேற்றுத்தான் திரும்பக் கிடைத்த ஒன்று, இன்றைக்கு மறுபடி இல்லை.

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். அங்கே சம்ரீனின் நீலச் செருப்பு தெரிந்தது. கால்!

“செருப்பைக் கழட்டு” என்றேன்.

“என்ன?”

“கழட்டுடி! காவலன் சத்தம் எனக்குக் கேக்கும்ல? உன் கால்ல ஒரு மிதி மிதிச்சா இடது. ரெண்டு மிதிச்சா வலது. அழுத்திப் பிடிச்சா பின்னாடி.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதான் வைப்ரேஷனா?”

“நான்தான் நிறுத்துனேன். நான்தான் குடுக்கணும்.”

முதல் சுற்று ஆரம்பித்தது. ஒரு மிதி, அவள் இடது பக்கம் பாய்ந்தாள். இரண்டு மிதி, வலது பக்கம் நழுவினாள். அழுத்தினேன், சட்டென்று குனிந்தாள்! பதினைந்து நிமிடத்தில் ஒன்பது சாவிகள். பெஞ்சமின் அண்ணன் எங்களுக்குப் பின்னால் நின்று விசில் அடித்தான்.

பக்கத்து மேசை ஆஸ்டின் எழுந்துவிட்டான். “அண்ணே, இவங்க கால்ல என்னமோ திருட்டுத்தனம் பண்றாங்க!”

கலீம் அண்ணன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து, “நீ உன் கூட்டாளிகிட்ட ‘டேய் லெஃப்ட்டு, டேய் ரைட்டு’ன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்குற மாதிரி கத்துறியே. அது சரின்னா இதுவும் சரிதான். உக்காரு” என்றார்.

அடுத்த சுற்று ஆஸ்டின் குழுவுக்கு எதிராக. சரிசமமாகப் போனது. கடைசி நிமிடம். கடைசிச் சாவி. காவலன் வலது பக்கம் வந்தான். எனக்குப் பதற்றத்தில் எண்ணிக்கை போய்விட்டது. ஒன்றா, இரண்டா? மூன்று தடவை மிதித்துவிட்டேன்.

மூன்றுக்கு அர்த்தமே கிடையாது. சம்ரீன் திகைத்து நின்றாள். மாட்டினாள்.

ஒரே ஒரு சாவியில் தோற்றோம்.

“என்னாலதான்” என்றேன். இந்தத் தடவை உண்மையாகவே என்னால்தான்.

சம்ரீன் காலைத் தூக்கிக் காட்டினாள். பாதம் முழுக்கச் சிவந்திருந்தது. “உன் வைப்ரேஷன் ரொம்ப மோசம். எங்க நிறுத்தறதுன்னு செட்டிங்ஸ்ல தேடினேன், கிடைக்கல” என்றாள். நான்கு நாளைக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

கிளம்பும்போது அவள் கலீம் அண்ணனிடம் நேராகப் போய்க் கையை அசைத்தாள். நான் அதைச் சொன்னேன். “அந்த மோட்டாரை எல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களான்னு கேக்குறாண்ணே.”

“இல்லம்மா, டப்பாவுலதான் கெடக்கு.” அவர் தலையைச் சொறிந்தார். “மாட்டலாம்தான். ஆனா மறுபடி பசங்க சண்டைக்கு வருவானுங்களே! ஒண்ணு பண்ணுங்க. கிரிக்கெட் டீம் மாதிரி பதினோரு பேர்கிட்ட கேளுங்க. அதிகம் பேர் வேணும்னா அடுத்த மாசம் மாட்டிடறேன். நீங்க ரெண்டு பேரும் கணக்குல கிடையாது.”

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் பஸ் தடக் தடக் என்று போனது. சம்ரீன் முன் சீட்டுக் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, “மழை பெய்யறது, கோட்டைச் சுவரோட சொரசொரப்பு, சாவியோட கனம், எல்லாமே கையில தெரியற மாதிரி ஒரு கன்ட்ரோலர் வந்தா எப்படி இருக்கும்!” என்றாள்.

“பேட்டரி பத்து நிமிஷத்துல தீந்துடும்” என்றேன்.

அவள் என் காலை மிதித்தாள். மூன்று தடவை.

அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இதுவரை பத்துப் பேர். அண்ணன் வேண்டும் என்றான். அப்பா, “சத்தமில்லாம ஆடுமா? அப்போ வேணும்” என்றார். தேவதர்ஷினி, “ஐயோ, அது வேற நடுங்குமா?” என்று ஓடிவிட்டாள். ஆஸ்டினிடமும் போய்க் கேட்டோம். வேண்டாம் என்றான். வேண்டும் ஐந்து, வேண்டாம் ஐந்து.

பதினொன்றாவது ஆள் நீங்கள்தான். அதனால்தான் இவ்வளவும் சொன்னேன். அவசரப்படாதீர்கள், டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஒரே ஒரு தடவை விளையாடிப் பாருங்கள். பின்னால் யாரோ வருகிறார்கள், உங்களுக்குக் கேட்கவில்லை. இப்போது சொல்லுங்கள், டப்பாவில் கிடக்கிற அந்த மோட்டாரைக் கலீம் அண்ணன் மாட்டலாமா, வேண்டாமா?