பம்பரத்தின் மதிய வகுப்பு

பம்பரம் அன்றைக்கும் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்று வகுப்பில் வைத்த பெயர் அது.

"நாளைக்கும் மதியக் கணக்கை முடிக்கலைன்னா, கீழ் வகுப்புக்குப் போகணும்னு டீச்சர் சொல்லிட்டாங்கப்பா."

"எங்க வகுப்புக்கா? என் பக்கத்துல உக்காந்துக்கோ. ஆனா என் பென்சிலைக் கடிக்கக் கூடாது," என்றான் தம்பி.

அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.

கவனம் நிலைக்க டாக்டர் மருந்து கொடுத்திருந்தார். காலையில் போட்டால் பள்ளி முடியும்வரை வேலை செய்யுமாம். ஆனால் காலையில் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கை சில்லிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. மதியம் ஆனதும் மனசு ஜன்னல் வழியே பறந்துவிட்டது.

"மருந்துக்குக்கூட என்னைப் பிடிக்கலைப்பா. நான் சரியாகவே மாட்டேன்."

பேக்கரியில் மாவு பிசையும் அப்பா அவள் கண்ணைத் துடைத்துவிட்டார். அவருக்கும் நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

மறுநாள் காலை அவர் காப்ஸ்யூலைத் திறந்தார். முழுதாக விழுங்கினால் அவளுக்குத் தொண்டையில் சிக்கும். அதனால் உள்ளே இருக்கும் குட்டி உருண்டைகளைக் கரண்டியால் நசுக்கிப் பொடியாக்கிக் கொடுப்பது அவர் வழக்கம்.

பம்பரம் வீங்கிய கண்களோடு அதையே பார்த்தாள்.

"இருங்கப்பா! பொடியாத்தான் சாப்பிடணும்னா, இத்தனை உருண்டையை ஏன் மெனக்கெட்டு உருட்டினாங்க?"

அப்பாவின் கரண்டி நின்றது. உடனே மருந்துக்கடை அக்காவுக்குப் போன் செய்து, நசுக்கிக் கொடுப்பதையும் அவளுடைய படபடப்பையும் சொன்னார்.

"ஐயோ, நசுக்கினீங்களா?" என்றார் அவர். "கொஞ்சம் உருண்டை உடனே கரையும். மீதி மதியத்துக்குத்தான் கரையும். நசுக்கினா எல்லாம் காலையிலேயே மொத்தமா இறங்கிடும். படபடக்காம என்ன செய்யும்?"

"அப்போ எப்படிக் குடுக்கிறது?"

"முதல்ல சாப்பிடட்டும். இந்த மருந்தைத் திறந்து பழக்கூழ்ல தூவலாம். மெல்லாம விழுங்கணும். எல்லா மருந்தையும் இப்படித் திறந்துடாதீங்க. படபடப்பு வந்ததை டாக்டர்கிட்டயும் இன்னைக்கே சொல்லிடுங்க."

அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "என் கையாலேயே கெடுத்திருக்கேனே, கண்ணு."

"அழாதீங்கப்பா. வீட்டுல அழறதுக்கு நான் ஒருத்தி போதும்," என்று சொல்லிவிட்டுப் பழத்தை அவளே மசித்தாள்.

மதியம் வந்தது. முதல் கணக்கிலேயே தடுமாறினாள். வெளியே காக்கை கத்தியது. திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தாள். ஆனால் கண் தானாகவே கணக்குக்குத் திரும்பி வந்தது.

மணி அடித்தபோது, கடைசி ஆளாக எழுந்துபோய் நோட்டை நீட்டினாள்.

"முடிச்சிட்டியா?"

"ரெண்டு தப்பா இருக்கும் டீச்சர். ஆனா முடிச்சிட்டேன்."