நாற்பத்தொன்றாவது வயிற்றுவார்

மேற்கே கதிரவன் முழுதும் மறையுமுன்பே கிழக்கே பௌர்ணமி நிலவு எழுந்துவிட்ட அந்த அந்திப் பொழுதில், பொருநை நதி ஒரு பாதி செம்பாகவும் மறு பாதி வெள்ளியாகவும் ஓடிக்கொண்டிருக்க, தென்கரையில் நின்ற புன்னைக்கோட்டையின் மதில் நிழல் மெல்ல நீண்டு குதிரைலாயத்தின் வாசலைத் தொட்டது. அழகான காட்சிதான். ஆனால், அன்புள்ள வாசகர்களே, பொழுது விடிந்ததும் நாற்பத்தொரு குதிரை வீரர்கள் இந்த ஆற்றைக் கடந்து வடகரை மன்னனின் படைமேல் பாயப் போகிறார்கள். எத்தனை பேர் திரும்புவார்கள் என்று நிலவு சொல்லாது.

லாயத்துக்குள் உலகநாச்சி மண்டியிட்டிருந்தாள். அவள் குதிரைப்படைத் தலைவன் கொற்றனின் தங்கை. போருக்கு முந்திய அந்தியில் படைத்தலைவன் வீட்டுப் பெண் லாயத்துக் கருவிகளுக்குப் பூசை செய்வது அக்கோட்டையின் வழக்கம். குளம்பு சுரண்டும் கொக்கி, உடல் தேய்க்கும் நார்க்கட்டு, கொள்ளு ஊறும் தொட்டி, பின்கால் கயிறு, கடிவாளம் என்று எல்லாவற்றுக்கும் குங்குமம் வைப்பாள். சேணத்தைக் குதிரையோடு இறுக்கும் வயிற்றுவாருக்குப் பொட்டு மட்டும் போதாது. உட்புறம் முழுவதும் ஆமணக்கெண்ணெய் விட்டு உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

முதல் வாரைத் தேய்த்தபோது கையில் மெழுகு ஒட்டியது. மெழுகு போன இடத்தில் ஒரு வெட்டுத் தெரிந்தது. தோலின் முக்கால் கனம் அறுபட்டிருந்தது. குதிரை பாய்ந்தால் வார் அறும். சேணத்தோடு வீரனும் மண்ணில் கிடப்பான். இரண்டாவது வாரிலும் அதே வெட்டு. பத்தாவதிலும், நாற்பதாவதிலும்.

நாற்பத்தொன்றாவது வார் முழுதாக இருந்தது. அது அவள் அண்ணனுடையது.

மூன்று நாட்களாக அந்த வார்களைச் செப்பனிட்டவன் ஒருவனே. ஏழு மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்த விடங்கன்; சேணம் தைப்பவன்; அவள் நெஞ்சைக் கேளாமலே எடுத்துக்கொண்டவன்.

"வார்களுக்கு இத்தனை உபசாரமா, நாச்சி? தைத்தவன் நெற்றிக்கு ஒரு பொட்டும் கிடையாதா?"

வாசலில் விடங்கன் சிரித்தபடி நின்றான். அவள் எண்ணெய் வழியும் வாரை உயர்த்திக் காட்டினாள். அவன் சிரிப்பு நின்றது.

"உட்புறமும் தேய்ப்பாய் என்று நான் அறியேன்."

"ஏழு மாதமாக இங்கே போர் இல்லை. எப்படி அறிவீர்? நீர் யார்?"

"வடகரை மன்னரின் ஒற்றன். என் பெயர் கண்டன் அழிசி."

"பெயர்கூடப் பொய்யா?"

"பெயர் பொய். உன்னிடம் பேசியது பொய்யல்ல. உன் அண்ணன் வாரைப் பார். அதில் என் கத்தி படவில்லை. உனக்காகத்தான்."

"குதிரையைப் பற்றி இத்தனை தெரிந்த உமக்கு என் அண்ணனைத் தெரியவில்லையே! நாற்பது பேரும் விழுந்தால் அவர் திரும்பி ஓடிவருவார் என்றா நினைத்தீர்? தன்னந்தனியாக உம் ஈட்டிகளின் நடுவே போய் நிற்பார். விழுந்தவர்கள் கால் ஒடிந்து பிழைத்தாலும் பிழைப்பார்கள். நிச்சயமாகச் சாகப் போகிறவர் அவர் ஒருவரே. உம் அன்பு அதற்குத்தான் உதவியது."

அதை அழிசி நினைத்துப் பார்க்கவே இல்லை.

"என்னோடு வந்துவிடு, நாச்சி."

"மாட்டேன்." அவள் எழுந்து லாயத்து மணியின் கயிற்றைப் பற்றினாள். "மூன்று முறை மூச்சு விடுவேன். பிறகு அடிப்பேன். பிடிபட்டால் உம்மை யானைக் காலில் இடுவார்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை."

அவன் அருகில் நின்ற குதிரையின் கட்டுகளைக் கத்தியால் அறுத்தான். சேணமில்லாமலே தாவி ஏறினான். திரும்பிப் பார்த்தான். அவள் மூன்றாவது மூச்சை விட்டாள்.

மணி ஒலித்தது. ஓடிவந்த வீரர்கள் சேணங்களை அள்ளினார்கள்.

"ஒருவரும் ஏறாதீர்கள்! விடங்கன் வடகரை ஒற்றன்; வார்களை வெட்டிவிட்டான்!" என்று உலகநாச்சி கத்தினாள்.

கொற்றன் தன் வாரை இழுத்துப் பார்த்தான். "என்னுடையது முழுதாக இருக்கிறது. அவனைப் பிடிக்க நான் ஒருவனே போதும்!"

அவள் குறுக்கே நின்றாள். "தனியாகப் போகாதீர்கள், அண்ணா. அக்கரையில் அவன் படை இருக்கிறது."

ஆற்றில் குதிரை நீந்தும் ஓசை தேய்ந்துகொண்டே போயிற்று. கொற்றன் தங்கையை உற்றுப் பார்த்தான்.

"என்னைக் காக்கத் தடுக்கிறாயா, தங்காய்? அல்லது அவனைக் காக்கவா?"

"இரண்டுக்கும்தான். இன்று ஒரு நாள் மட்டும். இனி அவன் உங்கள் ஈட்டிக்கு எட்டினால் தயங்காதீர்கள். அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டேன். இந்தப் பொருநை மேல் ஆணை!"

குரல் நடுங்காமல்தான் சொன்னாள், வாசகர்களே. கொற்றன் சேணத்தைக் கீழே வைத்துவிட்டு, தன் மேலாடை நுனியால் அவள் கன்னங்களைத் துடைத்தான்.